இராசவள்ளி பிலிப்பினோ கடையில் இருக்கிறது

ரொறன்ரோவின் கிழக்குப் புறமான ஸ்காபரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது, இராசவள்ளிக் கிழங்கைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இறந்த காலத்திலேயே நடக்கிறது. அம்மம்மா காய்ச்சிய கஞ்சி, முதற்பால் விட்டதும் கடும் ஊதா வெளிறி வரும் விதம், சட்டியின் அடியை யார் வழிப்பது என்று பிள்ளைகளுக்குள் நடந்த சண்டை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இஞ்ச அதெல்லாம் எங்க கிடைக்கப்போகுது?" என்று யாரோ ஒருவர் பேச்சை மூடிவிடுவார்.

கிடைக்கிறது. எங்கள் கடைகளில் எப்போதாவது வந்து, வந்த வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ஓரளவு பெரிய பிலிப்பினோ கடையொன்றின் ஃப்ரீசர் கதவைத் திறந்தால், மரவள்ளித் துருவல் பொதிகளுக்குப் பக்கத்தில் அது அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். தோல் சீவி, துருவி, தட்டையாக உறையவைத்த ஊதாக் கிழங்கு. மேலே உபே என்று எழுதியிருக்கும். டயஸ்கோரியா அலாட்டா என்று தாவரவியல் சொல்லும் அதே கொடிதான், அதே கிழங்குதான். பிலிப்பைன்ஸ் வீடுகளில் அதை அவித்து, சுண்டக் காய்ச்சிய பாலும் வெண்ணெயும் சேர்த்து, அடி பிடிக்காமல் நெடுநேரம் கிண்டி ஹலயா என்ற இனிப்பைச் செய்கிறார்கள். நாங்கள் அவித்து மசித்து, சீனியும் அளவாக உப்பும் போட்டு, கட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில் விட்டு இறக்குகிறோம். துருவி வருவதால் சீக்கிரம் அவிந்துவிடும். தோல் சீவும்போது வரும் கை அரிப்பும் இல்லை.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். உபே ஜாம், உபே எசன்ஸ் என்று நிறமும் வாசனையும் ஏற்றிய பொருட்கள் அதே கடையில் நிறைய இருக்கும். ஊதா நிற வற்றாளங்கிழங்கும் இருக்கும். அது வேறு குடும்பம், வேறு சுவை, கஞ்சிக்கு ஒத்துவராது. பொதியின் பின்புறத்தில் சேர்பொருள் என்ற இடத்தில் கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால் எடுக்கலாம். குஜராத்திக்காரரின் கடைகளிலும் உந்தியு என்ற தங்கள் கறியைச் சமைப்பதற்காக இதே கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி உறையவைத்து விற்கிறார்கள். துருவலைவிடத் துண்டுதான் கஞ்சிக்கு நல்லது என்பது என் முடிவு. வாயில் தட்டுப்படாத கிழங்கு கஞ்சியில் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடுகிறது.

இந்தக் கட்டுரை எழுத வேண்டும் என்று தோன்றியதே இந்தக் கிழங்கினால்தான். ஊரோடு போய்விட்டது என்று நாங்கள் நினைத்திருக்கும் எத்தனையோ பொருட்கள், பத்து நிமிடத் தூரத்தில், வேறொரு சமூகத்தின் கடையில், அவர்களுடைய அன்றாடச் சாமானாகக் கிடக்கின்றன. நாங்கள் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

ஒரே வீதியில் உலகம்

விக்டோரியா பார்க் வீதியைத் தாண்டிக் கிழக்கே போகும் லோரன்ஸ் அவென்யூவைப் பாருங்கள். அழகான வீதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆறு ஒழுங்கை வாகனப் பாதை, இருபுறமும் கார் நிறுத்துமிடத்தை முன்னால் விட்டுக் கட்டிய ஒற்றை மாடிக் கடைத் தொகுதிகள். அந்தத் தொகுதிகளுக்குள் லெபனான்காரரின் ரொட்டி அடுப்பு, சிரியாக்காரரின் இனிப்புக்கடை, ஆப்கானியர், பிலிப்பினோக்கள், கரீபியர், தமிழர் எல்லோரும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் டைலர் கோவன் உணவைத் தேடி உலகம் சுற்றுபவர். குடியேறியவர்களின் உணவுக்குத் தான் பார்த்த புறநகர்களிலேயே ஸ்காபரோதான் மிகச் சிறந்தது என்று 2015இல் எழுதினார். இங்கே வசிக்கும் எங்களில் பலர் அதை இன்னும் அனுபவித்துப் பார்க்கவில்லை.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் 'சர்வதேச உணவு' என்று ஒரு வரிசை உண்டு. அதில் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. அந்த வரிசையை நிரப்புகிறவர் அந்தச் சமையலைத் தெரியாதவருக்கு விற்கிறார். சின்னக் கடைக்காரர் தெரிந்தவருக்கு விற்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும் பாட்டி ஒருத்தி, மீன் பழசென்றால் முகத்துக்கு நேரே சொல்லுவாள் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பாட்டிகளுக்குப் பயந்து நிரப்பப்படும் தட்டுகளைத்தான் நான் நம்புகிறேன்.

ஈரப்பலாக்காயும் உப்பு மீனும்

கரீபியக் கடைக்கு முதலில் போங்கள் என்று சொல்லுவேன். அங்கேதான் எங்களுக்கு அதிக உறவு இருக்கிறது.

வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியில் பச்சையாக, உருண்டையாக, தோலில் கட்டம் போட்டது போன்ற காய் கிடக்கும். ஈரப்பலாக்காய். கொழும்பிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தவர்களுக்கு இதன் தேங்காய்ப்பால் கறி தெரியும். ஜமெய்க்காவில் இதை முழுசாக நெருப்பில் போட்டு, தோல் கரியாகும்வரை சுட்டு, சீவி, துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். "வீட்டில் காஸ் அடுப்புத்தான் இருக்கிறதென்றால், காம்பைத் தோண்டிவிட்டு அடுப்பின் மேலேயே வை, கால் மணிக்கொருதரம் திருப்பு" என்று ஒரு ஜமெய்க்கா அம்மா எனக்குச் சொல்லித் தந்தார். அப்படிச் சுட்ட காய்க்குப் புகை வாசம் ஏறிவிடும். அதைத் துண்டு போட்டு எங்கள் கட்டைச் சம்பலோடு வையுங்கள்.

இந்தக் காய் கரீபியத் தீவுகளின் சொந்தக் காய் அல்ல. பசிபிக் தீவுகளின் மரம் அது. அமெரிக்க விடுதலைப் போர் உணவு வரத்தைத் துண்டித்தது, அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் தோட்டங்களை அழித்தன, ஜமெய்க்காவில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள். மலிவாக அவர்கள் வயிற்றை நிரப்ப வழி தேடிய தோட்ட முதலாளிகளுக்காகப் பிரித்தானியக் கடற்படை அதிகாரி வில்லியம் பிளை, தஹித்தியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளைக் கப்பலில் ஏற்றினார். 1789 ஏப்ரலில் பவுண்டி என்ற அந்தக் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்து, அவரைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் எறிந்தார்கள். பிளை மறுபடியும் போனார். 1793இல் கன்றுகள் செயின்ட் வின்சென்டுக்கும் ஜமெய்க்காவுக்கும் வந்து சேர்ந்தன. யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அந்த அடிமைகள் அதைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ரொறன்ரோக் குளிரில் அதைத் தேடி வந்து, கனமான விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

அதே கடையின் குளிர்ப்பெட்டியில் உப்பு மீன் இருக்கும். கருவாடு தெரிந்த எங்களுக்கு இது புதிதல்ல, ஆனால் இதன் கதை கனடாவின் கதை. நியூபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் பிடித்த கொட் மீனை உப்பிட்டு உலர்த்தினார்கள். நல்ல தரம் ஐரோப்பாவுக்குப் போனது. உடைந்ததும் கழிந்ததும் கரீபிய அடிமைத் தோட்டங்களுக்குப் போனது. திரும்பி வந்த கப்பல்களில் ரம்மும் சர்க்கரைப் பாகும் வந்தன. அளவுக்கு மீறிப் பிடித்துப் பிடித்துக் கடைசியில் 1992இல் கொட் மீன்பிடியையே கனடிய அரசு நிறுத்தவேண்டி வந்தது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் பொதிகள் பலவற்றில் பொலொக் என்ற இன்னொரு மீன் இருக்கிறது. ஒரு இரவு ஊறவைத்து, தண்ணீர் மாற்றி அவித்து, உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கினால் எங்கள் கருவாட்டுப் பிரட்டலுக்கு மிக நெருங்கிய ஒன்று கிடைக்கும்.

உப்பு மீனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு 1986 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் மிதந்துகொண்டிருந்தபோது அவர்களைக் கண்டு ஏற்றிக்கொண்டவர்கள் அந்தக் கடலின் மீனவர்கள். முதலில் கண்டது கஸ் டால்ட்டன் என்ற கப்டனின் படகு. கனடாவில் எங்கள் சமூகத்தின் வரலாற்றில் அது ஒரு தொடக்கப் பக்கம். அந்த மீனவர் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக வாழவைத்த மீனின் உலர்ந்த துண்டுதான் ஸ்காபரோவின் கரீபியக் கடையில் கிடக்கிறது. நாங்கள் அதைக் கடந்து போகிறோம்.

உப்பு மீனுக்கு ஜமெய்க்காவில் சேர்க்கும் பழம் அக்கி. தகரத்தில் அடைத்து வருவதை மட்டும் வாங்குங்கள். மரத்தில் தானாக வெடித்துத் திறக்காத அக்கியில் ஹைப்போகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது இரத்தத்தின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தின் தாவரவியல் பெயர் பிளைகியா சாபிடா. ஈரப்பலா கொண்டுவந்த அதே பிளையின் பெயர்தான் அதற்கும் வைக்கப்பட்டிருக்கிறது. தகரத்தைத் திறந்து வடித்து, மெல்லமாகக் கிளற வேண்டும். மஞ்சளாக, மெதுவாக, முட்டைப் பொரியல் போலத் தோன்றும்.

கயானாக்காரரின் கடையில் இன்னும் நெருங்கிவிடுவோம். 1838இல் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட இந்தியரின் முதல் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து போனவை. பின்னால் மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. அந்த மதராஸ் வழி வந்தவர்களின் காளியம்மன் வழிபாடு கயானாவில் இன்றும் நடக்கிறது. கடையில் முருங்கைக்காய், பயற்றங்காய், பாகற்காய் எல்லாம் இருக்கும், அவர்கள் வைத்த பெயர்களில். இவற்றுக்கு நடுவே கறுப்புப் பாகு நிரம்பிய போத்தல் ஒன்று இருக்கும். அதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். பெயர் கசரீப்.

கசரீப்பை இந்தியர் கொண்டுபோகவில்லை, ஆபிரிக்கரும் கொண்டுபோகவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் கண்டது. கசப்பு மரவள்ளியில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அந்தக் கிழங்கைத் துருவி, ஓலையில் பின்னிய நீண்ட குழாய்க்குள் அடைத்து இழுத்துப் பிழிந்து, வடியும் சாற்றை மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். நஞ்சு ஆவியாகிப் போக, மிஞ்சுவது இந்தக் கரும்பாகு. இறைச்சியை இதில் வேகவைத்தால் கெடாமல் நிற்கும் என்பதால், நாள்தோறும் சூடாக்கிச் சூடாக்கிச் சாப்பிடும் பெப்பர்பொட் என்ற குழம்பு பிறந்தது. மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்று எங்கள் வீடுகளில் பயந்து பயந்து சொல்லுவார்கள். அந்தப் பயத்தின் வேரில் இருக்கும் நஞ்சையே ஒரு மக்கள் கூட்டம் எவ்வளவு தெளிவோடு கையாண்டு, அதிலிருந்து சுவையான பாகு ஒன்றை எடுத்திருக்கிறது! மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டிறைச்சியில் ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பாருங்கள். கறுவாவும் கராம்பும் கூடவே போட வேண்டும்.

மாசியின் தம்பி

மாசிக் கருவாட்டுக்கு ஜப்பானியக் கடையில் ஓர் உறவு இருக்கிறது. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை காயவைக்கும் முறை மாலைதீவில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் நீதிபதியாக இருந்த இபன் பதூதா, அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதி வைத்திருக்கிறார். ஜப்பானின் கட்சுவோபுஷியும் அதே இன மீன்தான், அதே அவிப்பு, அதே புகை. உயர்ந்த தரத்துக்கு மட்டும் மேலே ஒருவகைப் பூஞ்சணத்தையும் வளரவிட்டுக் காயவைக்கிறார்கள். நாங்கள் உரலில் இடிக்கிறோம். அவர்கள் இழைப்புளி போன்ற கருவியில் சீவுகிறார்கள். கடையில் மெல்லிய இளஞ்சிவப்புச் சீவலாகப் பொதியில் கிடைப்பது அதுதான்.

மாசி போட்ட சம்பல் ஏன் அப்படிச் சுவைக்கிறது என்பதற்கும் ஜப்பானியர்தான் விடை கண்டார்கள். 1908இல் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா கட்சுவோபுஷியில் இருப்பது இனோசினேட் என்று காட்டினார். இரண்டும் ஒன்றுசேரும்போது சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது என்று பின்னால் தெரிந்தது. தக்காளியில் குளுட்டமேட் இருக்கிறது, மாசியில் இனோசினேட் இருக்கிறது. தக்காளிக் குழம்பில் இரண்டு துண்டு மாசி தட்டிப் போட்ட எங்கள் ஆச்சிமாருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. செய்முறை தெரிந்திருந்தது.

மாசி தீர்ந்துபோன நாளில் கட்சுவோபுஷிச் சீவலை வெறும் சட்டியில் இலேசாகச் சூடாக்கி, கையால் நொறுக்கி, தேங்காய்ப்பூவோடும் செத்தல் மிளகாயோடும் இடித்துச் சம்பல் செய்திருக்கிறேன். கடித்து மெல்லும் சுகம் இல்லை. வாசம் அப்படியே இருந்தது.

கீரைகளும் மற்றவையும்

கீரைக்கு ஒரு சுற்றுப் போக வேண்டும். ஜமெய்க்காக் கடையின் கலலூ எங்கள் தண்டுக்கீரையின் இனம். ட்ரினிடாட்காரர் அதே பெயரில் சேம்பு இலையைச் சமைப்பதால் கேட்டு வாங்குங்கள். சேம்பிலையை நன்றாக அவிக்காவிட்டால் தொண்டை கடிக்கும். வியட்நாமியர் வல்லாரையைச் சாறாக அடித்துச் சீனி போட்டுக் குடிக்கிறார்கள். பிலிப்பினோ ஃப்ரீசரில் உருவிய முருங்கையிலை, வாழைப்பூ, வாழையிலை மூன்றும் இருக்கும். எகிப்தியர் மொலொகியா என்று விற்கும் கீரை சணல் செடியின் இலை. நைஜீரியக் கடையிலும் பிலிப்பினோக் கடையிலும் அதே இலை உண்டு, அவித்தால் வெண்டிக்காய்போல் வழுவழுக்கும். கோடையில் எங்கள் மரக்கறிகளிலும் சில ஒன்ராறியோ மண்ணிலேயே விளைகின்றன. பாகல், வெண்டி, நீளக் கத்தரி போன்றவற்றை இங்கே பயிரிட வைன்லாண்ட் ஆய்வு நிலையம் ஆராய்ச்சியே செய்திருக்கிறது. யூலை, ஆகஸ்டில் விமானத்தில் வந்த வெண்டிக்காயை வாங்காதீர்கள்.

எதியோப்பியர் கடையில் காசு கொடுக்கும் மேசைக்கருகே இஞ்சிராவைப் பிளாஸ்டிக் பைகளில் அடுக்கியிருப்பார்கள். டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் சுடும் பெரிய அப்பம். புளிப்பு எங்கள் தோசையைவிடக் கூட. டெஃப் மாவைத் தனியாகவும் வாங்கலாம். உளுந்தோடு சேர்த்து அரைத்த மாவில் கலந்தால் தோசைக்கு நல்ல நிறமும் மணமும் வருகிறது. பாரசீகக் கடையில் காய்ந்த எலுமிச்சையைத் தவறவிடவேண்டாம். கறுத்து, கல்லாகக் கிடக்கும். ஒரு துளை போட்டுப் பருப்பில் போடுங்கள். புளியில் இல்லாத ஒரு கசப்பும் புகைவாசமும் சேர்ந்து வரும்.

எப்படிப் போவது

ஒருமுறை போனால் ஒரு பொருள் வாங்குங்கள். கூடை நிறைய வாங்கியவர்கள் வீட்டு அலுமாரிகளில் அவை திறக்கப்படாமலே காலாவதியாகின்றன. கடைக்காரரைவிட, அதே பொருளைப் பக்கத்தில் நின்று தெரிவுசெய்யும் ஆளைக் கேளுங்கள். எந்தச் சமூகத்திலும் சமைக்கிற ஒருவரிடம் "இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டு முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கும் நண்பன் வீட்டுச் சாப்பாடு எதுவென்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சைவக்காரர்கள் சேர்பொருள் பட்டியலைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். கனடாவில் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எடையில் அதிகமானது முதலில் வரும். மரக்கறி மட்டும்தான் என்று தோன்றும் கிம்ச்சியில் பெரும்பாலும் இறால் உப்போ மீன் சாறோ இருக்கும். ஜப்பானிய ரசப் பொடிகள் பலவற்றில் கட்சுவோபுஷி இருக்கும். கடுகு, எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அந்தப் பட்டியல் உதவும். அந்த இரண்டையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும்.

இந்தக் கடைகள் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கவும் வேண்டாம். 1984இல் ஏஜின்கோர்ட் பகுதியில் டிராகன் சென்ரர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தபோது, வாகன நெரிசலைச் சாட்டி அங்கே குடியிருந்த சிலர் சீனருக்கெதிராகக் கிளம்பினார்கள். அதைத் தாங்கி நின்ற தொகுதியின் இடத்துக்கே பின்னாளில் அடுக்குமாடித் திட்டம் வந்தது. எக்ளின்டன் வீதியிலும் பழைய ஒற்றை மாடித் தொகுதிகளின் இடத்தில் உயர்ந்த கட்டடங்கள் திட்டமிடப்படுகின்றன. அவற்றின் கீழ்த்தள வாடகையை ஈரப்பலாக்காய் விற்கிறவரால் கட்ட முடியுமா என்பதை நகரசபை உறுப்பினரிடம் நாங்களும் கேட்க வேண்டும். அது கரீபியர் மட்டும் கேட்கவேண்டிய கேள்வி அல்ல.

எங்கள் கடைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒடியல் மா, புழுக்கொடியல், வல்லாரைத் தூள், வேப்பம்பூ வடகம் எல்லாம் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு விற்பதுபோல் அடுக்கப்பட்டிருக்கின்றன. பொதியில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும், எப்படிச் சமைப்பது என்று இருக்காது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்துக் கசப்பை எடுத்த பிறகுதான் கூழுக்குக் கரைக்க வேண்டும், நன்றாகக் கொதிக்க வேண்டும் என்பது தெரியாத ஒருவர் அதை வாங்கினால் ஒருவாய்க்குமேல் சாப்பிட மாட்டார். நாலு வரி ஆங்கிலக் குறிப்பை அச்சடித்து ஒட்ட ஒரு கடைக்காரருக்கு அதிகம் செலவாகாது. நண்டும் இறாலும் மரவள்ளியும் பயற்றங்காயும் போட்டுக் காய்ச்சும் கூழின் அருமை, அதே சாமான்களைத் தன் வீட்டிலும் வைத்திருக்கும் ஜமெய்க்காக்காரிக்கும் பிலிப்பினோக்காரிக்கும் சொல்லாமலே விளங்கும். குறிப்பை மட்டும் நாங்கள் எழுதிக் கொடுத்தால் போதும்.